தலைப்பாகைக்காக அல்ல: மெர்செட் கொலைகளும் பஞ்சாபிகளின் துக்கமும்

2022 அக்டோபர் 5, புதன்கிழமை. கலிஃபோர்னியாவின் மெர்செட் நகரில், காணாமல் போன ஒரு பஞ்சாபி சீக்கியக் குடும்பத்தின் நான்கு பேருக்கு உறவினரான ஒருவர் செய்தியாளர்கள் முன்னால் ஒரு வேண்டுகோள் வைத்தார். கடை வைத்திருப்பவர்கள், பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர்கள், கேமரா மாட்டியிருப்பவர்கள் எல்லாரும் தயவுசெய்து உங்கள் கேமரா பதிவுகளை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், எங்கள் ஆட்கள் எங்காவது கண்ணில் படுகிறார்களா என்று.

ஊர் தெரியாதவர்களுக்கு இது பொதுமக்களிடம் வைத்த கோரிக்கை. ஊர் தெரிந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட வீட்டுக்குள் பேசுகிற பேச்சு. பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து சாக்ரமெண்டோ வரை மத்தியப் பள்ளத்தாக்கை நீளவாக்கில் வெட்டிக்கொண்டு போகும் 99ஆம் நெடுஞ்சாலையில் வண்டியை ஓரங்கட்டி எந்த பங்கில் நுழைந்தாலும், எந்த மூலைக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினாலும், கல்லாவில் ஒரு பஞ்சாபி முகம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலிருந்து யோசெமிட்டி மலைக்கு மெர்செட் வழியாகப் போகும் நம்மூர் ஐடி குடும்பங்களுக்கும் இது பழக்கமான காட்சிதான். ஆக, "கேமராவைப் பாருங்கள்" என்று அவர் சொன்னது பெரும்பாலும் தன் ஆட்களிடம்தான். யாரிடம் கடை இருக்கிறது, யாரிடம் கேமரா இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அன்று மாலையே தேடலுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. மெர்செட்டுக்குத் தெற்கே, டோஸ் பாலோஸ் பக்கம் ஒரு பாதாம் தோட்டத்தில் நான்கு பேரின் உடல்களையும் பார்த்தவர் அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பண்ணைத் தொழிலாளி.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 3, திங்கட்கிழமை காலை. மெர்செட்டின் தெற்கில் 59ஆம் நெடுஞ்சாலையோரம் அந்தக் குடும்பத்துக்கு ஒரு லாரி நிறுத்துமிடம் இருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் அதற்குள்ளேயே தங்கள் லாரி நிறுவனத்துக்கு ஒரு அலுவலகம் திறந்திருந்தார்கள். துப்பாக்கியோடு வந்த ஒருவர் அங்கிருந்து கடத்திச் சென்றது 36 வயதுத் தந்தை, 27 வயதுத் தாய், அவர்களது 8 மாதப் பெண் குழந்தை, தந்தையின் 39 வயது அண்ணன் ஆகிய நால்வரை. காவல்துறை வெளியிட்ட கேமரா காட்சியைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஒருவர் நடந்து வருகிறார், பேச்சுக் கொடுக்கிறார், பிறகு துப்பாக்கி. கொஞ்ச நேரத்தில் அண்ணனும் தம்பியும் கைகள் கட்டப்பட்டு வெளியே வருகிறார்கள், பிக்கப் வண்டியில் ஏற்றப்படுகிறார்கள். வண்டி போகிறது. சில நிமிடங்களில் திரும்பி வருகிறது. இந்த முறை தாய் நடந்து வருகிறார், கையில் குழந்தை.

அன்றே அண்ணனின் பிக்கப் வண்டி எரிந்த நிலையில் கிடைத்தது. வண்டி யாருடையது என்று விசாரிக்கப் போன இடத்தில்தான் குடும்பமே காணவில்லை என்பது போலீசுக்குத் தெரிய வந்தது. மறுநாள் பக்கத்து ஊரான அட்வாட்டரில் ஒரு ஏடிஎம்மில் கடத்தப்பட்டவர் ஒருவரின் வங்கி அட்டை பயன்படுத்தப்பட்டது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போலீஸ் நெருங்கியபோது, சந்தேகிக்கப்பட்ட 48 வயதுக்காரர் தற்கொலைக்கு முயன்றிருந்தார். அவருடைய சொந்த வீட்டாரே, அவர் தங்களிடம் ஒப்புக்கொண்டதாகக் காவல்துறைக்குத் தகவல் கொடுத்திருந்தார்கள். அவரது தம்பியும், தடயங்களை அழிக்க உதவியதாகச் சொல்லிக் கைது செய்யப்பட்டார்.

பணம் கேட்டு ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அந்த மூன்று நாளும் சீக்கியக் குடும்பங்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. "நம்மை ஏன்?"

இந்தக் கேள்விக்கு அவர்களிடம் இருபது வருடமாக ஒரு தயாரான பதில் இருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து நான்கே நாளில், அரிஸோனாவின் மேசா நகரில் தன் பெட்ரோல் பங்க் வாசலில் செடி நட்டுக்கொண்டிருந்த ஒரு சீக்கியரை ஒருவன் சுட்டுக் கொன்றான். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து அரபுக்காரர் என்று நினைத்துக்கொண்டான். 2011 மார்ச்சில் சாக்ரமெண்டோ பக்கம் எல்க் குரோவில், மாலை நடைக்குப் போன இரண்டு சீக்கிய முதியவர்கள் சுடப்பட்டார்கள், இருவருமே பிழைக்கவில்லை. 2012 ஆகஸ்ட் 5இல் விஸ்கான்சின் மாநிலத்து ஓக் கிரீக் குருத்வாராவுக்குள் ஒரு வெள்ளை இனவெறியன் புகுந்து ஆறு பேரைக் கொன்றான். ஏழாமவர் படுத்த படுக்கையாகவே இருந்து 2020இல் காலமானார். 2021 ஏப்ரலில் இண்டியானாபொலிஸ் ஃபெட்எக்ஸ் கிடங்கில் கொல்லப்பட்ட எட்டுப் பேரில் நால்வர் சீக்கியர்கள்.

இத்தனைக்குப் பிறகு ஒரு சமூகம் என்ன செய்யும்? எது நடந்தாலும் முதலில் தலைப்பாகையைத்தான் நினைக்கும். அப்படி நினைப்பதற்கு ஏற்ற அமைப்புகளும் உருவாகிவிட்டன. 2001க்குப் பிறகு சீக்கிய உரிமை அமைப்புகள் தலையெடுத்தன. ஓக் கிரீக்குக்குப் பிறகு நடந்த போராட்டத்தின் விளைவாக, 2015 முதல் எஃப்பிஐ தன் வெறுப்புக் குற்றப் பட்டியலில் சீக்கியர்களுக்கு எதிரானவற்றைத் தனியாகக் கணக்கிடத் தொடங்கியது. அதுவரை அப்படி ஒரு கட்டமே அந்தப் படிவத்தில் கிடையாது. குருத்வாராக்களில் கேமராக்கள் வந்தன, ஞாயிற்றுக்கிழமை வாசலில் காவலர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடங்களில் போய் "நாங்கள் யார்" என்று விளக்குகிற இளைஞர் குழுக்கள் வந்தன. தலைப்பாகையைக் காரணமாக வைத்து அடித்தால் எப்படி எதிர்கொள்வது என்பதற்கு ஒரு முழு நடைமுறையே இருந்தது.

மெர்செட்டில் அந்த நடைமுறை உதவவில்லை. கைதானவர் அந்தக் குடும்பத்தின் லாரித் தொழிலில் முன்பு வேலை பார்த்தவர். ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன்பு ஏதோ தகராறு, அதைத் தொடர்ந்து கசப்பான செய்திப் பரிமாற்றங்கள் என்று மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃப் வெர்ன் வார்ன்கே சொன்னார். பணமும் பகையும் சேர்ந்த விவகாரம் என்பதே விசாரணையாளர்களின் பார்வை. வெறுப்புக் குற்றம் என்று யாரும் வழக்குப் போடவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இது ஒருவித ஆறுதல் மாதிரி தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இனவெறியன் ஒருவன் சுட்டால் அவனை யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கிருந்தோ வருவான், காரணம் அவன் தலைக்குள் இருக்கும். துக்கப்படுகிறவர்களுக்கு ஒரு கொடி இருக்கும், நினைவு நாள் இருக்கும், மற்ற சிறுபான்மையினர் தோளோடு தோள் நிற்பார்கள், ஜனாதிபதி அறிக்கை விடுவார். மெர்செட்டில் கொலைக்குக் குற்றம்சாட்டப்பட்டவர் நேற்று வரை கூலி வாங்கிக்கொண்டு போனவர். அவரை வேலைக்கு வைக்கும்போது என்ன பார்த்தோம், எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று அந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு சிறு முதலாளியும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அச்சம் சொந்த வேலை வாழ்க்கைக்குள்ளிருந்தே கிளம்பியது.

ஏன் இவ்வளவு ஆழமாகப் போனது என்பது புரிய, இந்த லாரித் தொழிலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

1984இல் நடந்த சீக்கியர்களுக்கு எதிரான வன்முறைக்குப் பிறகு பஞ்சாபிலிருந்து கிளம்பி வந்தவர்களில் பலருக்கு ஆங்கிலம் வராது, அமெரிக்கப் பட்டம் கிடையாது, தாடியை மழிக்கவும் தலைப்பாகையைக் கழற்றவும் மனம் வராது. அலுவலகங்களில் இந்த மூன்றும் தடை. லாரி ஓட்டுவதற்கு மூன்றும் தடையில்லை. கனரக வாகன உரிமம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் காதில் குர்பாணி என்னும் பக்திப் பாடல், கண்முன்னால் சாலை, என்ன உடுத்தியிருக்கிறாய் என்று கேட்க ஆளில்லை. இன்று அமெரிக்காவில் பஞ்சாபி லாரிக்காரர்கள் ஒன்றரை லட்சம் பேர் வரை இருக்கலாம், மேற்குக் கடற்கரையில் அவர்கள் பங்கு இன்னும் அதிகம் என்பது அவர்களது சங்கங்கள் சொல்லும் மதிப்பீடு. நியூ மெக்ஸிகோ, ஓக்லஹோமா என்று நெடுஞ்சாலை நெடுக, நடுக்காட்டில் பராத்தாவும் மலாய் டீயும் கிடைக்கும் தாபாக்கள் முளைத்தது இப்படித்தான்.

முன்னேறும் வழியும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் இன்னொரு பஞ்சாபியின் லாரியில் ஓட்டுநர். கொஞ்சம் காசு சேர்ந்ததும் கடன் வாங்கிச் சொந்த லாரி. அப்புறம் தம்பி ஒரு லாரி, மச்சான் ஒரு லாரி. வீட்டில் யாராவது ஒருவர் போனும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்து லோடு பிடித்துக் கொடுப்பார்கள், இதற்கு டிஸ்பாட்ச் என்று பெயர். ஒரு கட்டத்தில் லாரிகளை நிறுத்த இடம் வேண்டும். பதினெட்டுச் சக்கர லாரியைக் குடியிருப்புத் தெருவில் நிறுத்தினால் நகராட்சி அபராதம் போடும். அதனால் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் ஒரு மைதானத்தை வாங்கி, சரளைக்கல் கொட்டி, கம்பிவேலி அடித்து, மாத வாடகைக்கு மற்றவர்களின் லாரிகளையும் நிறுத்த விடுவார்கள். "யார்ட்" என்றால் அவர்களுக்கு இதுதான். ஒரு மூலையில் அலுவலகம். யார்ட் வைத்தாகிவிட்டது என்றால் அந்தக் குடும்பம் ஓட்டுநர் நிலையிலிருந்து முதலாளி நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். மெர்செட் குடும்பம் சரியாக இந்தப் படியில்தான் நின்றுகொண்டிருந்தது. சகோதரர்கள் இருவரும் 18 ஆண்டுகளாக அமெரிக்காவில் உழைத்தவர்கள், ஊரிலிருக்கும் பெற்றோரையும் தாங்கியவர்கள் என்று குடும்பத்தார் எழுதினார்கள்.

இந்தப் படியில் ஒரு புதிய விஷயம் தொடங்குகிறது. அதுவரை ஒரு லாரிக்கு மச்சானை நம்பினால் போதும். யார்டுக்கு வெளியாட்கள் வேண்டும்: மெக்கானிக், காவலுக்கு ஆள், பஞ்சாபி அல்லாத ஓட்டுநர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் வெளியாள் என்றால் பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுகிறவர். ஆள் எடுப்பது பெரும்பாலும் வாய்வார்த்தையில் நடக்கும். பெரிய கம்பெனிகள் மாதிரி மனிதவளத் துறை, பின்னணிச் சோதனை எல்லாம் ஒரு குடும்பத் தொழிலில் எதிர்பார்க்க முடியாது. கலிஃபோர்னியாவிலோ ஐந்து பேருக்கோ அதற்கு மேலோ வேலை கொடுப்பவர்கள், வேலை தருவதாக உறுதி சொல்லும் வரை குற்றப் பின்னணியைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று 2018 முதல் சட்டம் இருக்கிறது. சிறையிலிருந்து வருபவனுக்கும் சோறு வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்த சட்டம்தான். அதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

ஆனால் கைதானவரின் பின்னணி வெளியே வந்தபோது ஊர் உறைந்துதான் போனது. 2005இலேயே, தான் முன்பு வேலை பார்த்த இன்னொரு குடும்பத்தின் வீட்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்து, அவர்களைக் கட்டிப்போட்டுக் கொள்ளையடித்த வழக்கில் தண்டனை பெற்றவர் அவர். 11 ஆண்டுத் தண்டனை, 2015இல் விடுதலை, 2018 வரை கண்காணிப்பு. அந்த முதல் குடும்பம் பஞ்சாபியும் அல்ல. பழைய முதலாளி, குடும்பம், துப்பாக்கி, கட்டிப்போடுதல் என்று ஒரே அச்சு. இதைப் படித்த பிறகு "தலைப்பாகைக்காகவா" என்ற கேள்வி கிட்டத்தட்ட விழுந்துவிட்டது. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. இப்படிப்பட்டவர் எப்படி வெளியே நடமாட முடிந்தது என்ற கோபம். ஷெரிஃபே கேமரா முன்னால் அதைக் கொட்டினார். இந்த ஆளுக்கென்று நரகத்தில் தனி இடம் இருக்கிறது என்ற பொருளில் அவர் சொன்னது உலகம் முழுக்க ஒளிபரப்பானது. ஒரு போலீஸ் அதிகாரி இப்படிப் பேசலாமா என்று வழக்கறிஞர்கள் கேட்கலாம். பலருக்கோ, தங்கள் வாயில் வராத வார்த்தையை யாரோ சொல்லிவிட்ட மாதிரி இருந்திருக்கும்.

அந்தக் கோபம் எங்கே போகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவர் லத்தீன் அமெரிக்கப் பெயர் கொண்டவர். மெர்செட் மாவட்டத்தில் பாதிக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்கள். பாதாம் தோட்டத்தில் உடல்களைப் பார்த்துத் தகவல் சொன்னதும் ஒரு பண்ணைத் தொழிலாளி. இரண்டு சமூகங்களுக்கும் நடுவே ஒரு விரிசல் விழ இதைவிட வசதியான சந்தர்ப்பம் வேண்டியதில்லை. பொதுவெளியில் நான் பார்த்த அளவில் அப்படி ஒன்று நடக்கவில்லை.

அதற்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா வயல்களுக்கு வந்த பஞ்சாபிகள் பெரும்பாலும் தனி ஆண்கள். 1912இல் ஸ்டாக்டனில் ஒரு குருத்வாரா எழுப்பினார்கள், அமெரிக்காவிலேயே முதலாவது அதுதான். 1913 சட்டப்படி நிலம் வாங்க முடியாது. 1917 குடியேற்றச் சட்டம் வந்த பிறகு ஊரிலிருந்து மனைவியைக் கூட்டி வரவும் வழியில்லை. 1923இல் உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமை கிடையாது என்றும் சொல்லிவிட்டது. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டினால் சட்டவிரோதம். மெக்ஸிகப் பெண்ணைக் கட்டினால் பதிவு அலுவலக எழுத்தர் இரண்டு பேரின் நிறத்தையும் பார்த்துவிட்டு, சரி, ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள் என்று உரிமம் கொடுத்துவிடுவார். இப்படிச் சில நூறு பஞ்சாபி–மெக்ஸிகக் குடும்பங்கள் உருவாயின. பிள்ளைகளுக்குப் பெயர் ஸ்பானிஷில், குடும்பப் பெயர் சிங். அந்த வம்சங்களின் வீடுகளில் ரொட்டியும் மெக்ஸிகக் கெசடியாவும் ஒரே தட்டில் வந்தன. 1946இல்தான் குடியுரிமைக் கதவு திறந்தது. பத்தே வருடத்தில் அதே கலிஃபோர்னிய விவசாயிகளில் ஒருவரான தலீப் சிங் சவுந்த் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், ஆசிய வம்சாவளியில் முதல் ஆள்.

இந்தக் கதை இன்றைய இளைஞர்கள் எல்லாருக்கும் மனப்பாடம் என்று சொல்லவில்லை. 1984க்குப் பிறகு வந்தவர்களுக்கு இது வேறு யாருடைய பாட்டி கதையோ. ஆனால் பக்கத்துப் பக்கத்து வயலில், பக்கத்துப் பக்கத்து வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்து பழகிய பழக்கம் மட்டும் மண்ணில் இருக்கிறது. மெர்செட் நகர மையத்தில் பாப் ஹார்ட் சதுக்கத்தில், உடல்கள் கிடைத்த மறுநாளிலிருந்து ஞாயிறு வரை நான்கு மாலைகள் தொடர்ந்து மெழுகுவத்தி அஞ்சலி நடந்தது. வந்தவர்களில் சீக்கியரல்லாதவர்களும் நிறைய. உறவினர்கள் தொடங்கிய நிதித் திரட்டல் சில நாட்களில் 3 லட்சம் டாலரைத் தாண்டியது.

எதிர்ப்பக்கத்தையும் யோசித்துப் பார்க்கலாம். 2025 ஆகஸ்டில் ஃப்ளோரிடாவில் ஒரு சீக்கிய லாரி ஓட்டுநர் தப்பான இடத்தில் வண்டியைத் திருப்பியதில் மூன்று பேர் இறந்தார்கள். அதன் பிறகு நாடு முழுக்கப் பஞ்சாபி ஓட்டுநர்கள் எல்லாரும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. உரிமங்கள், ஆங்கிலத் தேர்வு, விசா என்று ஒரு தனி மனிதரின் தவறு ஒரு தொழிலையே கூண்டில் ஏற்றியது. தலைப்பாகை கட்டியவர் தப்பு செய்தால் தலைப்பாகை தப்பு செய்த மாதிரி. மெர்செட்டில் தப்பு செய்ததாகச் சொல்லப்படுபவரின் இனத்தையோ மொழியையோ யாரும் கூண்டில் ஏற்றவில்லை, ஏற்றவும் கூடாது. இந்த வித்தியாசத்தைச் சீக்கியர்கள் நன்றாகவே அறிவார்கள்.

அப்புறம் துக்கம். கலிஃபோர்னியச் செய்தி நிறுவனங்கள் சதுக்கத்து மெழுகுவத்திகளைத்தான் காட்டின. சீக்கிய மரபில் துக்கத்தின் மைய இடம் குருத்வாரா. அழுது புரண்டு ஒப்பாரி வைப்பதை அந்த மரபு ஊக்குவிப்பதில்லை. மூன்றாம் குருவான அமர்தாஸ் தன் கடைசி நேரத்தில், எனக்காக யாரும் அழாதீர்கள், கீர்த்தனம் பாடுங்கள் என்று சொன்னதாகச் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபில் ராம்கலி ராகத்தில் "சத்" என்ற பகுதி இருக்கிறது. இன்றும் சாவு வீட்டுப் பாராயணம் முடியும்போது அதைப் படிப்பார்கள். "பாணா மன்னணா" என்று ஒரு பேச்சு பஞ்சாபியில் உண்டு, அவன் சித்தத்தை ஏற்றுக்கொள்வது என்று அர்த்தம். தொண்ணூறு வயதுத் தாத்தா போனால் சொல்வதற்கு அது இதமான வார்த்தை. எட்டு மாதக் குழந்தையின் பெட்டி முன்னால் நின்று அதைச் சொல்ல, அந்த நூலை ஓதும் எந்தக் கிரந்திக்கும் நாக்கு எழாது.

இறுதிச் சடங்கு அக்டோபர் 15, சனிக்கிழமை, பக்கத்து நகரமான டர்லாக்கில் நடந்தது. அமெரிக்காவில் சீக்கியர்களின் தகனம் ஊரில் நடப்பது மாதிரி இருக்காது. அங்கே விறகு அடுக்கி மூத்த மகன் தீ வைப்பான். இங்கே தகனக் கூடம், எரிவாயு உலை. "கீர்த்தன் சோஹிலா" ஓதி முடித்ததும் நெருங்கிய உறவினர்கள் உலை அறைக்குள் போய் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். பிறகு எல்லாரும் குருத்வாராவுக்கு வந்து, பாராயணத்தின் நிறைவான போக் கேட்டு, தரையில் வரிசையாக உட்கார்ந்து லங்கர் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் ஊரே சமைத்துப் போடுகிற நம்மூர் வழக்கம் மாதிரிதான் இதுவும், அளவு பெரியது.

பஞ்சாபில், ஹோஷியார்பூர் மாவட்டம் டாண்டா பக்கம் ஹர்சி என்ற கிராமம் அவர்களது பூர்வீகம். தோஆபா என்று அழைக்கப்படும் இந்த வட்டாரத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு அபூர்வம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை விமான வடிவில் கட்டிக்கொள்ளும் ஊர்கள் இங்கேதான் உண்டு. வீட்டுக்காரர் கனடாவிலோ கலிஃபோர்னியாவிலோ இருக்கிறார் என்பதற்கு அது அடையாளம். நால்வரும் கொல்லப்பட்ட செய்தி வந்ததும் பஞ்சாப் முதல்வர் பகவந்த் மான் உயர்மட்ட விசாரணைக்கு ஏற்பாடு செய்யும்படி இந்திய வெளியுறவு அமைச்சரைக் கேட்டுக்கொண்டார். அரசியல்வாதி செய்ய வேண்டியதைச் செய்தார், அவ்வளவே. கிராமத்தின் பக்கம் யோசித்தால் விஷயம் வேறு. அங்கே பிள்ளைகளை அனுப்பும்போது அவர்கள் கேள்விப்பட்டிருந்த ஆபத்துகள் இரண்டுதான். ஒன்று, எல்லையில் மாட்டிக்கொள்வது. இன்னொன்று, அரபுக்காரன் என்று நினைத்து யாராவது சுடுவது. வேலையை விட்டுப் போனவன் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வருவான் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2023க்குப் பிறகு கனடாவில் சர்ரே, பிராம்ப்டன் பக்கம் பஞ்சாபித் தொழிலதிபர்களை மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் தலைதூக்கியதும் பட்டியல் இன்னும் நீண்டது. பணம் சம்பாதித்ததே ஆபத்தாகிறது என்ற எண்ணம் தோஆபாவுக்கு இப்போது பழகிவிட்டது.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், நான்கு கொலைக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. மரண தண்டனைக்கோ வாழ்நாள் சிறைக்கோ இட்டுச்செல்லக்கூடிய சிறப்புப் பிரிவுகளும் சேர்க்கப்பட்டன. குற்றம்சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் தான் குற்றவாளி அல்ல என்றார். ஷெரிஃப் மரண தண்டனையே வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் கலிஃபோர்னியாவில் கடைசியாக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது 2006இல். 2019இல் ஆளுநர் கவின் நியூசம் அதை நிறுத்தி வைத்து உத்தரவு போட்டார், சான் குவென்டின் சிறையின் மரண தண்டனைக் கூடத்தையும் மூடச் செய்தார். ஆக, "தூக்கில் போட வேண்டும்" என்று சொன்னவர்களின் கோபத்துக்கு அந்த மாநிலச் சட்டத்தில் கொடுக்க நடைமுறையில் எதுவும் இல்லை.

ஒவ்வொரு சீக்கியப் பிரார்த்தனையும், அது கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும், ஒரே வரியில்தான் முடியும்: "நானக் நாம் சர்தி கலா, தேரே பாணே சர்பத் தா பலா." நம்பிக்கை தளராதிருக்கட்டும், உன் சித்தப்படி எல்லாரும் நலமாக இருக்கட்டும். சர்பத் என்றால் எல்லாரும். அதில் விதிவிலக்கு கிடையாது, சிறையில் இருப்பவருக்கும் கிடையாது. டர்லாக்கில் அந்தச் சனிக்கிழமை அர்தாஸ் என்னும் இந்தப் பிரார்த்தனை முடிந்தபோது கை கூப்பி நின்றவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.